சர்க்கரை அறுபத்திரண்டு

காப்பியில் எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், சார். என்னிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது ஒன்றுதான். வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. நீங்கள் வரவழைத்துக் கொடுத்த இந்தக் காப்பி சரியான பதம். குடித்துக்கொண்டே சொல்கிறேன். உங்களுக்கு ஐந்து நாற்பது வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று பியூன் சொன்னார். அதற்குள் முடித்துவிடலாம். என்னால் யாரும் வண்டியைத் தவறவிட்டது கிடையாது.

என் பெயர் விருத்தாசலம். உங்கள் விசாரணைத் தாளில் லேப் டெக்னீஷியன் என்று போட்டிருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் கேட்டால் தண்ணி டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒரு வருஷம் மறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஊர்க்காரர்களின் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் கொடுப்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எனக்காக ஆளை எழுப்பிவிடுவார். எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆஸ்பத்திரி திண்டிவனத்தில், லேப் விழுப்புரத்தில் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். காரணம் உண்டு. வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில் வைத்திருந்த தாண்டவராயன், இறந்துபோன தன் மகன் பெயரில் திண்டிவனத்தில் தர்ம ஆஸ்பத்திரி கட்டினார். லேப் வைக்கும் நேரத்தில் மனுஷனுக்குக் கை சுருங்கிவிட்டது. விழுப்புரத்தில் சும்மா கிடந்த தன் கிடங்கைக் கொடுத்தார். எதிரே ஐஸ் கம்பெனி, பக்கத்தில் ஸ்டேஷன். மைக்ராஸ்கோப் ஒன்று, கண்ணாடிக் குழாய்கள், ஒரு பம்ப் ஸ்டவ், நான். ஐம்பத்தைந்தாம் வருஷம் சேர்ந்தேன்.

ஐப்பசி மழை விட்டதும் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். சாதாரணக் காய்ச்சல் இல்லை. கழுத்து விறைத்துக்கொள்ளும், வலிப்பு வரும், பெற்றவளையே அடையாளம் தெரியாது. மூளைக் காய்ச்சல். அப்படி ஒரு குழந்தை வந்தால் திண்டிவனத்தில் கவுஸ் டாக்டர் அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால் நெஞ்சைத் தொடுகிறபடி மடக்கிப் பிடிக்கச் சொல்வார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு எலும்புக்கு நடுவில் ஊசியை இறக்குவார். முதுகுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். முகம்மது கவுஸ் கோட்டக்குப்பத்துக்காரர், முரட்டு ஆள் மாதிரி இருப்பார், கை மட்டும் பூ. ஒரு குழந்தை அழுது நான் கேட்டதில்லை. நான் அங்கே இருந்ததும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் குழாயைப் பஞ்சால் அடைத்து, மரத்தூளும் ஐஸும் போட்ட சொம்புக்குள் இறக்கி, சொம்பின் வாயைத் துணியால் கட்டி, குழந்தையின் தாய் கையிலோ தகப்பன் கையிலோ கொடுத்துவிடுவார். அது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். ஆள் வைத்து அனுப்பினால் ஆள் டீ குடிக்க நிற்பான், பெற்றவர்கள் நிற்கமாட்டார்கள் என்பது டாக்டரின் கணக்கு. காலைப் பாசஞ்சரில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி, பத்தே முக்காலுக்கு என் வாசலில் நிற்பார்கள். பன்னிரண்டு பத்துக்குத் திரும்பும் வண்டி. அதை விட்டால் ஐந்து நாற்பதுதான்.

நான் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் தண்ணீரின் நிறம். கலங்கியிருந்தால் கிருமி, பென்சிலின் போடலாம். தெளிவாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் வைத்து அணுக்களை எண்ண வேண்டும். தெளிந்த தண்ணீரில் சின்ன வட்ட அணுக்கள் கேப்பை இறைத்த மாதிரி கிடந்தால் வியாதி இரண்டில் ஒன்று. ஒன்று வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. ஈரத் துணி போட்டு, பால் புகட்டி, காத்திருக்க வேண்டும். இன்னொன்று மூளைக்கு ஏறிய டி.பி. அதற்கு மருந்து உண்டு. தினம் ஒரு ஊசி, கூட மாத்திரை. நேரத்தில் ஆரம்பித்தால் குழந்தை எழுந்து நடக்கும், ஆரம்பிக்காவிட்டால் மூன்று வாரம். இரண்டு தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான். எது எது என்று சொல்வது மூன்றாவது பரிசோதனை, சர்க்கரை. வைரஸ் சர்க்கரையைத் தொடாது, அறுபது சுமாருக்கு இருக்கும். டி.பி. தின்றுவிடும், இருபது முப்பதுக்கு வந்துவிடும்.

அந்தச் சர்க்கரை பார்க்க ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். ஸ்டவ்வை அடித்து, வெந்நீரில் குழாயை நிறுத்தி, நீல மருந்து ஊற்றி, ஆறவைத்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். அணு எண்ணி முடித்து இதையும் பார்த்தால் பன்னிரண்டு பத்து வண்டி போய்விடும். பிள்ளையைச் சாகக் கிடத்திவிட்டு வந்தவர்களை ஐந்து நாற்பது வரை உட்காரவைக்க வேண்டும். அவர்கள் உட்காரமாட்டார்கள், சார். எழுந்து எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். எனக்கு அது தாங்காது. இளகின மனசு.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் ஒரு நாள் ஸ்டவ்வின் வாஷர் போய்விட்டது. அன்றைக்கு வந்தவர் மயிலம் பக்கத்துப் பெரியதம்பி. மகனுக்கு ஐந்து வயது. தண்ணீர் தெளிவு, அணுக்கள் நூற்றுப் பத்து. மனுஷன் ஜன்னலில் நின்றுகொண்டு, "இன்னா சாமி ஆச்சி, இன்னா சாமி ஆச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினொன்றே முக்கால். முடிவு எழுதிக் கொடுக்கும் சீட்டில் சர்க்கரைக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. நான் அறுபது என்று எழுதினேன். எழுதியதும் சீட்டு பார்க்க லட்சணமாக இருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார், வண்டியைப் பிடித்துவிட்டார்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினோராம் நாள் பெரியதம்பி வந்தார். தோளில் ஒரு மூட்டை மல்லாட்டை, கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன். வைரஸ்தான், தானாகவே விட்டுவிட்டது. "கும்புட்டுக்கோடா, டாக்டருக்கு" என்றார். பையன் என் காலில் விழுந்தான். நான் பார்க்காத சர்க்கரை சரியாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த குஷி இருக்கிறதே, சார், அதை எப்படிச் சொல்ல. கதவைச் சாத்திக்கொண்டு லேப்புக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன். வீட்டுக்குப் போய் என் மனைவி காந்திமதியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். "உங்களுக்குப் பேயி கீயி புடிச்சிக்கிச்சா?" என்று திட்டினாள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாஷர் வாங்கினேன். மாட்டவில்லை.

வாசலில் கூட்டம் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். விழுப்புரத்தில் அரை மணியில் சீட்டு கிடைக்கிறது என்று பேச்சுப் பரவிவிட்டது. வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் நாள் முழுக்கக் காக்கவைப்பார்களாம். சுற்றுவட்டார டாக்டர்கள் எல்லாம் எனக்கே சொம்பை அனுப்ப ஆரம்பித்தார்கள். அணுக்களை நான் ஒரு நாளும் பொய்யாக எழுதியதில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கட்டமாக எண்ணுவேன், ஒன்று கூடக்குறைய வராது. சர்க்கரைதான் கையால் போட்டது. எல்லாருக்கும் அறுபது போட்டால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்று ஒரு முறை வைத்தேன். திங்கள் ஐம்பத்தெட்டு, செவ்வாய் அறுபது, புதன் அறுபத்திரண்டு, வியாழன் அறுபத்துநான்கு, வெள்ளி அறுபத்தாறு. சனிக்கிழமை என் இஷ்டம். சனிக்கிழமைகளில் எனக்கு உற்சாகம் கொஞ்சம் அதிகம்.

அறுபதாம் வருஷம் ஜீப் வந்தது. வைரஸைத் தேடி எங்கோ தூரத்து ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நாலு பேர். வயலில் கொசு பிடிப்பார்கள், பன்றிக்கு ரத்தம் எடுப்பார்கள். தெளிந்த தண்ணீர், சின்ன அணுக்கள், சர்க்கரை குறையாமல் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட கேஸ்தான் அவர்கள் கணக்கில் சேரும். என் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு சுத்தமான கேஸ்கள் வேறு எங்கும் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிக் கையைக் குலுக்கினார். என்னை முன் சீட்டில் உட்காரவைத்து திண்டிவனம் வரை கூட்டிப்போனார்கள். காற்று முகத்தில் அடிக்கிறது, சட்டை படபடக்கிறது, ரோட்டில் போகிறவனெல்லாம் திரும்பிப் பார்க்கிறான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டிரைவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, புளியமரம் எல்லாம் ஓடுகிறது என்றேன். அவரும் சிரித்தார்.

ஐம்பது கேஸ் சேர்ந்தால் அறிக்கையில் என் பெயரை அச்சடித்துப் போடுவதாகச் சொன்னார்கள். அச்சில், சார். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதிலும் என் பெயர் அச்சாகி நான் பார்த்ததில்லை.

அந்தக் கார்த்திகையில், ஒரு புதன்கிழமை, அஞ்சம்மாள் வந்தாள். நீங்கள் கேட்க நினைப்பது அவளைத்தான் என்று தெரியும். ஒலக்கூர் பக்கம், மல்லாட்டை உடைக்கிற கூலி. புருஷன் இல்லை. ஒரே மகள், பூங்காவனம், எட்டு வயது. சொம்பை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். ஐஸ் உருகிப் புடவை நனைந்திருந்தது. "ஆடாம அசங்காம எட்தாந்தேன் சாமி. வண்டியில ஒருத்தி ஒண்டிக்கினு ஒக்காந்தா, எயுந்து நின்னுக்கினேன்" என்றாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்திருக்கிறாள். குழாய்த் தண்ணீர் அலுங்காமல் வந்திருந்தது. தண்ணீர் தெளிவு, அணுக்கள் நூற்று எழுபது, புதன்கிழமை, அறுபத்திரண்டு. அரை மணியில் சீட்டை நீட்டினேன்.

"ஜல்தியா குட்த்துட்டீங்க சாமி, நல்லா இருப்பீங்க" என்றாள். அவள் பூங்காவனத்துக்கு நாற்பதாவது கேஸ் என்று எண் போட்டேன்.

மறுநாள் காலை ஜீப்காரர்கள் போட்டோ எடுக்க வந்தார்கள். நான் குழாய்த் தாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மிச்சத் தண்ணீர் இருந்த குழாய்களை எடுத்து அடுக்கும்போது நாற்பதாவது குழாயைப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக ஒரு படலம் தொங்கியது. தெளிந்த முதுகுத் தண்ணீரை ஒரு நாள் அசையாமல் வைத்தால், டி.பி.யாக இருந்தால் அந்த வலை விழும். படிக்கிற காலத்தில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். வைரஸுக்கு அப்படி விழாது.

எதிரே ஐஸ் கம்பெனியில் போன் இருந்தது. ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான். கவுஸ் டாக்டர் அந்த நேரத்துக்கு வார்டில்தான் இருப்பார். இதையெல்லாம் நான் அப்போதே யோசித்தேன். யோசிக்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் வாசலில் போட்டோக்காரர் வெளிச்சம் போகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது கேஸ் முப்பத்தொன்பது ஆகிவிடும். முப்பத்தொன்பது ஏன் ஆயிற்று என்று கேட்டால், மற்ற முப்பத்தொன்பதும் என்ன என்று கேட்பார்கள். ஒரு தீக்குச்சியை விட்டு வலையைச் சுருட்டி எடுத்தேன். தண்ணீர் பழையபடி பளிச்சென்று ஆகிவிட்டது. போட்டோவில் நன்றாக விழுந்திருக்கிறது. நான் சிரிக்கிறேன். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அஞ்சம்மாள் மறுபடியும் சொம்போடு வந்தாள். கவுஸ் டாக்டருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. இரண்டாம் முறை தண்ணீர் எடுத்து, சீட்டின் மேலே சிவப்பு மையில், சர்க்கரையைத் திரும்பப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். அஞ்சம்மாள் சொன்னாள்: "எத்தினி நேரம் ஆனாலும் ஒக்காந்துக்கினு இருந்து, பார்த்தே வாங்கியாரச் சொன்னாரு டாக்டரு. வண்டி போனா போவுட்டும் சாமி."

இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம் என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் பேஜாராகப் போய்விட்டது. மறுக்க வழியில்லை. புது வாஷரை மாட்டி ஸ்டவ்வை அடித்தேன். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சத்தம். ஜன்னலுக்கு வெளியே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் அவர்களுக்கு ஒரு தெம்பு. வெந்நீர் கொதித்தது. நீல மருந்து பாட்டில் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறதே, அதே பாட்டில்.

நான் டீ போட்டேன்.

தூள் நல்ல தூள், சர்க்கரை தூக்கலாகவே போட்டேன். அவளுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று தோன்றியது. இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஒரு மணி இருபது நிமிடம் ஆகும்வரை ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கு உரியது அறுபதுதான், ஆனால் முதல் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று அறுபத்திரண்டே எழுதினேன். அந்த அளவுக்கு நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

"சக்கரை சரியா கீதா சாமி?" என்று கேட்டாள்.

"சரியா இருக்குதும்மா" என்றேன்.

"அப்ப பொயச்சிக்குமா?"

"டாக்டர் பாத்துப்பாரு. நீ தைரியமா போ."

கும்பிட்டாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பூங்காவனம் அதற்குப் பிறகு பதின்மூன்று நாள் இருந்தது. ஈரத் துணி போட்டார்கள், பால் புகட்டினார்கள். ஊசி போடவில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறவர்களுக்கு அந்த ஊசி போடமாட்டார்கள்.

தை மாசம் அறிக்கை வந்தது. கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், எட்டுப் பெயர்களுக்கு நடுவில் என் பெயர். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதனால் என்ன. ஜங்ஷன் ஹோட்டலுக்குப் போய் மூன்று மசால் தோசை சாப்பிட்டேன். சப்ளையரிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் விரலால் தடவிப் பார்த்து, "இதெல்லாம் எங்க ஓட்டலு தோசை சாப்புட்ட வெரலு பண்ண வேலை" என்றார். அந்தப் பக்கத்தை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதற்கு இரண்டு மாசம் கழித்து அவர்களே ஒரு கடிதம் போட்டார்கள். நான் சேர்த்த கேஸ்களில் பதினோரு பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளமே இல்லையாம், சர்க்கரை அளவைச் சரிபார்த்துச் சொல்லவும் என்று. சரிபார்த்தேன், சரியாக உள்ளது என்று பதில் எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். சீட்டுகள் நூற்றுப் பதினெட்டு. அதில் நிஜமாகவே வைரஸ் எத்தனை, ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடியது எத்தனை, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது எனக்குப் பிடிக்காது, சார்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்து லேப்பைப் பார்வையிட்ட டாக்டரம்மா லட்சுமியம்மாள் கெட்டிக்காரி. ஐம்பத்தெட்டாம் வருஷம் வாங்கிய நீல மருந்து பாட்டில் அறுபத்திரண்டாம் வருஷத்திலும் கழுத்து வரைக்கும் இருப்பதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்து, கிழமையையும் எண்ணையும் ஒட்டிப் படித்திருக்கிறாள். அதை நான் பாராட்டுகிறேன். ஆனால் நீங்கள் இப்போது விரல் வைத்திருக்கிற வரிதான் உங்களைக் குழப்புகிறது, இல்லையா. நூற்றுப் பத்தொன்பதாவது வரி. மற்றதெல்லாம் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறு வரை, இது ஒன்று மட்டும் இருபத்திரண்டு. எழுத்துப் பிழையோ என்று கேட்கிறீர்கள்.

பிழை இல்லை. பெயரைப் படியுங்கள். செந்தாமரை, தகப்பன் பெயர் விருத்தாசலம். என் மகள்.

போன மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் கழுத்து விறைத்தது. திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கவுஸ் டாக்டர் ஊசி வைத்தார். இந்த முறை நான் அங்கே இருந்தேன். குழந்தைகள் அழுகின்றன, சார். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு நானே பாசஞ்சரில் வந்தேன். வண்டியில் கூட்டம், எழுந்து நின்றுகொண்டேன். லேப்பில் மண்ணெண்ணெய் இல்லை. ஐஸ் கம்பெனிக்கு ஓடி அரை பாட்டில் வாங்கிவந்தேன். ஸ்டவ்வை அடித்தேன். நீல மருந்தின் மூடி இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தேன். ஒரு மணி இருபது நிமிடம். பன்னிரண்டு பத்து வண்டி கூவிக்கொண்டு போனது, போகட்டும் என்று விட்டேன். இருபத்திரண்டு வந்தது. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். அதுவும் இருபத்திரண்டு. ரோட்டைத் தாண்டிப் போனில் சொன்னேன். அரை மணிக்குள் முதல் ஊசி போட்டுவிட்டார்கள்.

சாயங்கால வண்டியில் நான் வார்டுக்குப் போனபோது கட்டில் பக்கத்தில் அஞ்சம்மாள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மகள் போன பிறகு கவுஸ் டாக்டர் இரக்கப்பட்டு அவளை அங்கேயே ஆயாவாக வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, காந்திமதியை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கவலப்படாத சாமி. சக்கரை கம்மின்னா நல்லதாம், மருந்து கீதாம், டாக்டரு சொன்னாரு" என்றாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "எம் பொண்ணுக்குத்தான் சக்கரை சரியா இருந்துபூட்ச்சி" என்றாள்.

ஆமாம்மா என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செந்தாமரை இப்போது நன்றாக இருக்கிறாள். கயிறு தாண்டுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஐந்தாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். பூங்காவனத்துக்கும் அதே வயதுதான் ஆகியிருக்கும்.

காப்பி ஆறிவிட்டது, பரவாயில்லை. உங்கள் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், நூற்றுப் பதினெட்டுக்கும் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், சார். அறிக்கையில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இருபத்திரண்டை நான் இரண்டு முறை பார்த்தேன்.